"அந்தக் குடும்பத்தில் உண்டாமே?"

கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஒரு நிக்காஹ் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் படிப்பு, தொழில், ஒழுக்கம் யாவும் விசாரித்தாகிவிட்டது. நாள் குறிக்கும் வேளையில் ஒருவர் காதோடு சொல்கிறார்: "அந்தக் குடும்பத்தில் உண்டாமே? பையனுடைய சாச்சாவை வெளியில் விடுவதே இல்லையாம்." அவ்வளவுதான், பேச்சு முறிந்துவிடுகிறது.

இதற்கு அஞ்சியே நம் வீடுகளில் மனநோயாளியை மறைக்கிறோம். மறைப்பதால் மருத்துவம் தள்ளிப்போகிறது. சிலர் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர். அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன.

பரம்பரை பற்றிய இந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை? இதனை ஆராய்வதற்கென்றே சர்வதேச மனநோய் மரபியல் சங்கம் என்னும் விஞ்ஞான அமைப்பு இயங்கிவருகிறது. ஆய்வாளர்களுக்கு அது வழங்கும் விருதுகளுள், வாழ்நாள் சாதனை விருது தைவானில் பிறந்த மிங் சுவாங் பெயராலும், இளம் ஆய்வாளர் விருது கனடாவில் பிறந்த தியோடர் ரைக் பெயராலும் அமைந்தவை. ரைக் வளர்த்தெடுத்த கருத்துகளுள் ஒன்று நமக்கு மிகவும் வேண்டியது. அதனை நம் ஊர் அணையைக் கொண்டே விளக்கலாம்.

கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையைப் பார்த்திருப்பீர்கள். கல்படை, பொட்டியம் எனப் பல ஓடைகள் மலையிலிருந்து இறங்கி அதனை நிரப்புகின்றன. ஓர் ஓடை பெருகியதாலேயே அணை வழிந்துவிடுவதில்லை. பல ஓடைகளும் சேர்ந்து பெருகி, மட்டம் வரம்பைத் தாண்டினால்தான் நீர் வெளியேறும். மனச்சிதைவு நோயும் அத்தகையதே. அதற்குக் காரணமான ஒற்றை மரபணு என ஒன்றில்லை. 2022-இல் வெளியான பெரும் ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பிறப்பின்போது நேரும் சிக்கல், இளமைக்காலத் துன்பம், கஞ்சா போன்றனவும் மற்ற ஓடைகளாக வந்து சேர்கின்றன.

இனிக் கணக்கைப் பாருங்கள். பொதுவாக நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வரலாம். தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றில் பத்துப் பேரளவில். சாச்சாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் நூற்றில் இரண்டு முதல் நான்கு. அதாவது, நாம் தட்டிக்கழித்த அந்த மாப்பிள்ளையைப் போன்ற நூறு பேரில் குறைந்தது தொண்ணூற்றாறு பேருக்கு நோய் வருவதில்லை! ஒரே கருவில் உருவான இரட்டையரிடத்தும், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. 2018-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் மூன்றில் ஒரு பங்கினருக்கே அவ்வாறு வந்தது. இரு பக்கத்தாரிடமும் நோய் இருந்து, சொந்தத்திலேயே மணம் பேசுவோர் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வாராய்ச்சிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்தன. அக்குறையைச் சிறிதேனும் போக்கியது சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவியது அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான அவர் 1992-இல் பத்ம பூஷண் பெற்றார். 2021-இல் 98-ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் டாக்டர் ஆர். தாரா ஆஸ்திரேலியாவின் பிரையன் மௌரி குழுவினரோடு சேர்ந்து, தென்னிந்தியர் 3,092 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அம்முடிவு, நயாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்தும் முறையோடு நோய்க்குத் தொடர்பிருக்கலாம் எனக் காட்டியது. அதற்காக இன்றே கடைக்கு ஓடி மாத்திரை வாங்கிவிடாதீர்கள். அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

இப்போதிருக்கும் மருந்துகளே பலரை வேலைக்கும் குடும்பத்துக்கும் மீட்டிருக்கின்றன. ஆனால் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள மலைக்கிராமத்தார்க்கு, நோயாளியைக் கீழே அழைத்துவருவதே ஒரு நாள் கூலியை இழக்கும் காரியம். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபின், விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ அலையும் தொல்லை குறைந்திருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க விரும்புவோர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். பெயரைச் சொல்ல வேண்டுமே என்று தயங்குபவர்கள், சொல்லாமலே பேசலாம்.