மலைக் காற்றாலைகளும் மின்னலும்

உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் இடிதாங்கி பொருத்தியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மின்னலை ஏற்றுத் தரைக்குள் அனுப்பிவிடுவதே அதன் வேலை. தரை அதை எளிதில் ஏற்காவிட்டால் என்ன ஆகும்? மலைமேல் உள்ள காற்றாலைகளின் மின்பாதைகளில் எழும் சிக்கல் இதுதான்.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், கொய்னா நீர்த்தேக்கத்தை நோக்கியிருக்கும் வான்குசவடே பீடபூமி ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரமுடையது. அங்குக் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காற்று நன்கு வீசும் இத்தகைய உயர்ந்த, திறந்த இடங்களை மின்னலும் எளிதில் தாக்கும். நம் நாட்டில் காற்றாலைகளின் மின்சாரத்தைத் துணைமின்நிலையத்துக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் 33,000 வோல்ட் மின்பாதையே. ஒரு பாதையில் பல ஆலைகள் இணைந்திருப்பதால், அது தடைப்பட்டால் அத்தனை ஆலைகளின் மின்சாரமும் வீணாகும்.

மின்கம்பிகளுக்கு மேலே ஒரு காப்புக் கம்பியைக் கட்டி, அதை ஒவ்வொரு கோபுரத்தின் வழியாகவும் நிலத்தோடு இணைப்பது வழக்கம். மின்னல் அக்கம்பியில் விழுந்து கோபுரத்தின் வழியே மண்ணில் இறங்க வேண்டும். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மின்னலில் 30,000 ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். கோபுர அடியின் மின்தடை 10 ஓம் என்றால், கோபுரத்தின் மின்னழுத்தம் 3 லட்சம் வோல்ட் ஆகிவிடும். பாறை நிலத்தில் மின்தடை 100 ஓமை எட்டுவதும் உண்டு. அப்போது அழுத்தம் 30 லட்சம் வோல்ட்! ஒரு பகுதி மின்னோட்டம் அடுத்த கோபுரங்களுக்குப் பிரிந்து போனாலும், எஞ்சியதே மிக அதிகம். 33,000 வோல்ட் அமைப்பின் மின்காப்பு பொதுவாகத் தாங்குவது 1,70,000 வோல்ட் மின்னல் அழுத்தத்தையே. எனவே மின்பொறி கோபுரத்திலிருந்து பீங்கானைத் தாண்டி மின்கம்பிக்குப் பாய்கிறது. அதாவது, காப்பாற்ற வந்த கம்பியின் வழியாகவே ஆபத்து நுழைகிறது!

இதற்கு என்ன வழி? கோபுர அடியிலிருந்து பல திசைகளில் கம்பிகளைப் புதைக்கலாம். மின்னல் ஓட்டம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்திலேயே உச்சத்தை எட்டிவிடுவதால், நீண்ட ஒரே கம்பியைவிடக் குறுகிய பல கம்பிகளே மேலானவை. ஆழத் துளையிட்டு, மின்தண்டைச் சுற்றி ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண்ணை நிரப்புவதும் உண்டு.

பாறை இதற்கும் மசியாத இடங்களில் மின்னல் அரெஸ்டர் உதவுகிறது. இதிலுள்ள துத்தநாக ஆக்ஸைடு வில்லைகள் சாதாரண அழுத்தத்தில் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். அழுத்தம் எல்லை மீறினால் வழிவிடும். மின்னல் கடந்ததும் மீண்டும் தடுக்கும். பீங்கானுக்கு இணையாக இதைப் பொருத்தினால் மின்பொறி பாயாது. மேட்டில் நிற்கும் கோபுரங்களுக்கும் அடி மின்தடை மிகுந்த கோபுரங்களுக்கும் முதலிடம் தர வேண்டும்.

தக்காணத்தில் ஏப்ரல், மே மாதங்களிலேயே இடிமழை தொடங்கிவிடும். அப்போது மண் வறண்டு மின்தடை மிகுந்திருக்கும். ஆகவே அதைக் கோடையில் அளப்பதே முறை. ஈர மண்ணில் எடுத்த அளவை நம்பினால், மின்னல் வரும் நாளில் அது நம்மை ஏமாற்றிவிடும்.