கையெழுத்துக்கு முன் கிராம சபை

பெங்களூரு விதான சௌதாவின் பேரவையில் 224 இடங்கள். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை 15. ஆனால் அந்தப் பதினைந்திலும் பெரும்பாலும் ஜெயிப்பவர்கள், எண்ணிக்கையில் பெரிய வால்மீகி நாயக்க சமூகத்தவர். காட்டோரம் வாழும் சோளகருக்கோ ஜேனு குருபருக்கோ ஒரு தொகுதியைத் தனியாக வெல்லும் அளவுக்கு ஓட்டு எங்குமில்லை. சித்தி என்னும் பழங்குடிச் சமூகத்திலிருந்து முதன்முதலாக சாந்தாராம் சித்தி மேலவைக்குப் போனது 2020-இல்தான், அதுவும் நியமனம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பூர்வகுடிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பேரவையோடு உட்கார்ந்து பேசி, 2025-இல் உடன்படிக்கைச் சட்டமே இயற்றிவிட்டது. கர்நாடகத்தில் அப்படி எதுவும் இல்லை. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் இல்லாததால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் பொருந்தாது (தமிழ்நாட்டிலும் இதே கதைதான்). மிஞ்சுவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது கிராம சபைக்குத் தரும் அதிகாரத்தை ஓர் எம்.எல்.ஏ. பதவியைவிடப் பெரிதென்பேன்.

2011 ஜனவரியில் பிளிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள 25 சோளக கிராம சபைகள் சமூக வன உரிமைப் பத்திரம் பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. தேனும் நெல்லியும் எடுக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள், சட்டப்படி எடுக்கும் உரிமை பெற்றார்கள். 2013-இல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராம சபைகள் 'வேண்டாம்' என்றன. வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டமிட்ட சுரங்கம் நின்றது.

ஆபத்து பெரும்பாலும் காகித வடிவில்தான் வருகிறது. புலிகள் காப்பகத்திலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் என்பார்கள். வீடு வீடாகக் கைநாட்டு வாங்கினால் போதாது. முதலில் வன உரிமைகளை அங்கீகரித்து முடித்திருக்க வேண்டும். பிறகு பாதிக்கப்படுவோரின் சம்மதமும் வேண்டும், கிராம சபையின் சம்மதமும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சபையில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், புரியாத பத்தியை மறுபடி கேளுங்கள், நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். வெற்றுத் தாளில் ரேகை வைப்பதைப் போன்ற கேடு வேறில்லை.

வன உரிமை கோரி மனுப் போடும்போது பட்டா இல்லையே என்று பயப்பட வேண்டாம். மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினாலே அது ஒரு சான்று. முன்னோரைப் புதைத்த இடம், சாமி மரம், பழைய கிணறு எல்லாமே சான்றுதான். இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை முடிவை எதிர்த்து உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் போகலாம். மனு விசாரணை முடியும்வரை குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது.

நீதிமன்றமும் எட்டாத இடமல்ல. நாகர்ஹோலே காட்டுக்குள் நட்சத்திர ஓட்டல் எழும்பியபோது, பழங்குடி அமைப்பு ஒன்று பெங்களூரில் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1997-இல் வென்றது.

பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர சட்டப் பணிகள் ஆணையம் கடமைப்பட்டது. தொலைபேசி எண் 15100.