விவசாய உதவித் தொகையும் தாத்தா பெயரிலுள்ள பட்டாவும்

சேர்வராயன் மலையில் வாழவந்தி முதலிய கிராமங்களில் காப்பியும் மிளகும் பயிரிட்டு ஜீவிக்கும் சிறு குடிகள் பலருக்கு, மத்திய சர்க்கார் வருஷந்தோறும் அளிக்கும் ரூ. 6,000 உதவித் தொகையைப் பற்றித் தெரியும். அது தங்கள் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் சிலருக்கு விளங்குவதில்லை.

பிரதம மந்திரி கிஸான் சம்மான் நிதி என்னும் இத்திட்டம் 2019 பிப்ரவரி 24-ல் ஆரம்பிக்கப்பட்டு, 2018 டிசம்பர் 1 முதல் அமலானதாகக் கணக்கிடப்பட்டது. நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகளாகப் பணம் பாங்கிக் கணக்கில் நேரே சேர்க்கப்படுகிறது. ஆதியில் 2 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோருக்கே என்றிருந்த வரம்பு 2019-லேயே நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், சர்க்கார் உத்தியோகஸ்தர்களிற் பெரும்பாலோர், மாதம் ரூ. 10,000-க்குக் குறையாத பென்ஷன் பெறுவோர் முதலியோருக்கு இத்தொகை இல்லை.

முன்னாளில் 1883, 1884-ம் வருஷத்துச் சட்டங்களின்படி தாசில்தார் மூலம் வழங்கப்பட்ட தக்காவி, வட்டியுடன் திருப்பவேண்டிய கடன். இதுவோ திருப்பவேண்டாத உதவி. ஆயினும் ஒன்றில் இரண்டும் ஒக்கும். இரண்டிலும் முதலில் பார்க்கப்படுவது நிலத்தின் பாத்தியதையே. உழுது பயிரிடுபவர் யார் என்பதன்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதே கேள்வி.

மலைக் குடும்பங்களுக்கு இடையூறு இங்கேதான். மூன்று ஏக்கர் நிலத்தின் பட்டா காலஞ்சென்ற தாத்தாவின் பெயரில் நிற்க, பேரர் மூவர் வாய்ப்பேச்சால் பாகம் பிரித்து அனுபவித்து வருகின்றனர் எனக் கொள்க. இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மைனர் குழந்தைகள் மட்டுமே. ஆகையால் மூவரும் மூன்று குடும்பத்தார்; தகுதியிருப்பின் வருஷத்துக்கு ரூ. 18,000 கிடைக்கவேண்டும். பட்டா மாறாததால் ஒரு காசும் கிடைப்பதில்லை. சகோதரருக்குள் மனஸ்தாபம் இல்லாத வீட்டிலுங்கூட இந்த நஷ்டம் நேர்கிறது.

இதற்குப் பரிகாரம் மரணச் சான்றும் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றும் பெற்று, இ-சேவை மையத்தின் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்தலே. பாகம் தனித்தனியே பிரிய வேண்டுமாயின் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்யவேண்டும். காலதாமதம் பெரும்பாலும் இந்த அளவையிலேயே ஏற்படுகிறது. 2019 பிப்ரவரி 1-க்குப் பின் நிலம் கைமாறியவர்களுக்குத் தகுதி இல்லை என்று விதி வகுத்தபோதே, உடையவர் இறந்து வாரிசுகளுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கிரயம் பெற்றவருக்கு இல்லாத இச்சலுகையை வாரிசுகள் அறிந்திருத்தல் அவசியம்.

பட்டா சரியாயிருந்தும் பணம் நிற்பதுண்டு. ஆதார் எந்தப் பாங்கிக் கணக்குடன் கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேயே தொகை சேரும்; மறந்துபோன பழைய கணக்கு ஒன்றில் அது கிடக்கக் கூடும். ஆதார் மூலம் ஆளை உறுதிசெய்தலும் கட்டாயம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதியாத முதியோருக்கு, 2023 முதல் முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் வழி உண்டு.

2020-ல் தமிழ்நாட்டுப் பல ஜில்லாக்களில் தரகர்கள் தகுதியற்றோரைப் பதிவு செய்வித்து, சுமார் ரூ. 110 கோடி தவறாகச் சென்றது வெளியாயிற்று. பணம் பெற்றவர்களிடமிருந்தே அது திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆகவே செல்போனில் வரும் ரகசிய எண்ணை அயலார் எவருக்கும் சொல்லலாகாது. சங்க அங்கத்தினர்கள் சிட்டா நகல், ஆதார், பாங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் எழுதப்பட்டுள்ளதா என்பதை மனுவுக்கு முன்பே ஒப்பிட்டுக் கொள்ளல் வேண்டும்.