நள்ளிரவில் நெஞ்சு படபடப்பது ஏன்?

நித்திரை இறைவன் நமக்குத் தந்த பெரும் அருட்கொடை. பகல் முழுவதும் உழைத்த உடல் இரவில்தான் தன்னைச் சீர்செய்து கொள்கிறது. ஆனால் சிலர் நள்ளிரவில் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது. "யோசனை கூடிப்போச்சு" என்று வீட்டார் ஆறுதல் சொல்வதோடு விடயம் முடிந்துவிடுகிறது. காரணம் மனத்தில் அல்லாமல் மூச்சிலும் இருக்கலாம்.

இதயத்துடிப்பு, குருதியமுக்கம், வியர்வை ஆகியவற்றை நாம் நினையாமலே நடத்துவது தன்னாட்சி நரம்புத்தொகுதி. அதன் பரிவுப் பகுதி ஆபத்து வேளையில் உடலை உசுப்பும். பரபரிவுப் பகுதி அமைதிப்படுத்தும். பரிவு நரம்புகள் தூண்டப்பட்டால் அவற்றின் முனைகளிலிருந்து நோரதிரீனலினும், சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளிலிருந்து அதிரீனலினும் வெளிவரும். ஆழ்ந்த நித்திரையில் பரபரிவின் கையே ஓங்கியிருக்க வேண்டும்.

'ஸ்லீப் அப்னியா' உள்ளவருக்கு இந்த ஒழுங்கு குலைகிறது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப்பாதை அடைபடுவதே இந்நோயின் பொதுவான வகை. ஒவ்வொரு தடவையும் மூச்சு 10 செக்கனுக்கோ அதற்கு மேலோ நிற்கும். குருதியில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடும். கழுத்து நாடியிலுள்ள வாங்கிகள் இதை உணர்ந்து மூளைக்கு அறிவிக்க, பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ளும். மூச்சு மீளும்போது இதயத்துடிப்பும் குருதியமுக்கமும் சட்டென உயரும். மணித்தியாலத்துக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால் நோய் கடுமையானது. இத்தகையோரின் பரிவு நரம்புகள் விழித்திருக்கும் வேளையிலும் மிகையாக இயங்குவதை 1995இல் வைரென்ட் சோமர்ஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது.

'டிஸ்ஓட்டனோமியா' என்பது தன்னாட்சி நரம்புத்தொகுதி சீராக இயங்காத நோய்களின் பொதுப்பெயர். அவற்றுள் 'பொட்ஸ்' இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எழுந்து நின்று 10 நிமிடத்துக்குள் அவர்களின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடும். எம் வயதினருக்கு 40க்கு மேல். ஏற்கனவே தடுமாறும் நரம்புத்தொகுதியோடு மூச்சுத்தடையும் சேர்ந்தால் இரவுப் படபடப்பு பெருகக்கூடும். ஆனால் ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அறிகுறிகள் ஒத்திருப்பதால் பரிசோதனைதான் வேறுபடுத்திக் காட்டும்.

இதைச் சாதாரணமாக எண்ணலாகாது. 2022 பெப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு ஸ்லீப் அப்னியாவே காரணம் என அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தெரிவித்தார்.

பெண்களிடம் இந்நோய் எளிதில் தவறவிடப்படுகிறது. குறட்டை விடுவதைச் சொல்ல எம்மவர் வெட்கப்படுகிறார்கள். களைப்பை வீட்டு வேலையின் மேல் போட்டுவிடுகிறார்கள். அச்சுவேலியில் எங்கள் வீட்டில் உம்மம்மாவின் பக்கத்தில் படுப்பவள் நான். அவரது குறட்டை திடீரென நின்று, பின் பெருமூச்சோடு தொடங்குவதை நேரத்தோடு கொப்பியில் குறித்து வைத்தேன். வாப்பா அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது, அந்தக் கொப்பியைத்தான் வைத்தியர் முதலில் வாங்கிப் பார்த்தார்.

சிகிச்சையும் உண்டு. மூக்கில் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துச் சுவாசப்பாதையைத் திறந்து வைக்கும் முறையை 1981இல் அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்தினார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை.

ஆகவே பெற்றோரே, தோழியரே! பலத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்றல், சுபஹுக்கு எழும்பும்போதே தலையிடி, பகலில் அடங்காத நித்திரை ஆகியவை இரவுப் படபடப்போடு சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நித்திரையில் மூச்சு நிற்பது அவருக்கே தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.