யானைக்கால் புழுவின் தந்திரம்



"உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, எனக்கு எதற்கு மாத்திரை?" என்று யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையைப் பார்த்துப் பலர் கேட்பதுண்டு. தொந்தரவு தெரியாதிருப்பதே அந்தப் புழுவின் தந்திரம் என்று நாங்கள் விளக்குவோம்.

நூல் போன்ற இப்புழு நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வரை குடியிருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களைக் கட்டுப்படுத்தும் அணுக்களும் நம் உடலில் உண்டு. புழு அவற்றைத் தூண்டிவிடுகிறது. அவை சுரக்கும் இன்டர்லூக்கின்-10 என்னும் பொருள் எதிர்ப்பைத் தணித்துவிடுகிறது. எனவே காய்ச்சலோ வீக்கமோ இல்லாதவரின் இரத்தத்திலும் குஞ்சுப் புழுக்கள் இரவில் உலவும். கொசு அவற்றை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். குழாய்களோ உள்ளே மெல்லச் சேதமடையும். தடித்துப்போன காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது.

இதனால்தான் 2004-ல் இந்தியாவில் தொடங்கிய திட்டத்தில், நோய் பரவும் மாவட்டங்களில் நலமாயிருப்போருக்கும் ஆண்டுதோறும் டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் மட்டுமே விலக்கு. இதை உங்கள் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.