துருவப் பனியில் தூரிகை பிடித்த டாக்டர்

2016-ஆம் ஆண்டு. அண்டார்டிகாவின் கேப் அடேர் முனையிலுள்ள பழைய மரக்குடிலிலிருந்து மீட்கப்பட்ட காகிதங்களுக்கிடையே ஒரு நீர்வண்ண ஓவியம் கிடைத்தது. பூஞ்சை படிந்த, பென்குயின் எச்சம் ஒட்டிய அந்தக் கட்டுக்குள் ஓவியம் மட்டும் வண்ணம் மங்காமல் இருந்தது. மரப்பட்டையில் ஏறி இரை தேடும் ட்ரீகிரீப்பர் என்ற சிறு பறவை இறந்து கிடக்கும் காட்சி. 1899 என்ற குறிப்பு. வரைந்தவர் டாக்டர் எட்வர்ட் வில்சன் என்பது கையெழுத்தை ஒப்பிட்டபோது தெரியவந்தது.

1872-இல் இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில் பிறந்தவர் வில்சன். கேம்பிரிட்ஜிலும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலும் மருத்துவம் படித்தார். ஓவியத்தைப் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார். படிக்கும்போதே லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் தொண்டு செய்துவந்தவரைக் காசநோய் தாக்கியது. நார்வேயிலும் சுவிட்சர்லாந்தின் டாவோஸிலும் ஓய்வெடுத்து உடல் தேறினார். அந்த நாட்களிலும் பென்சில் கையைவிட்டு அகலவில்லை.

1901-இல் கேப்டன் ஸ்காட்டின் 'டிஸ்கவரி' கப்பலில் துணை மருத்துவராகவும் விலங்கியலாளராகவும் ஓவியராகவும் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டார். வண்ணப் புகைப்படம் பரவாத காலம் அது. தென்துருவ வானத்தின் நிறத்தையும், சூரியனைச் சுற்றித் தோன்றும் ஒளிவளையத்தையும், பறவையின் அலகையும் உள்ளபடி உலகுக்குக் காட்டும் பொறுப்பு அவருடைய கண்ணையும் கையையும் நம்பியே இருந்தது.

திறந்த வெளியில் நீர்வண்ணம் உறைந்துவிடும். எனவே வெளியே பென்சிலால் கோட்டுருவம் தீட்டி, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தின் பெயரை எழுதிக்கொள்வார். குடிலுக்குத் திரும்பி விளக்கொளியில் வண்ணம் சேர்ப்பார். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் பனியின் ஒளி கண்ணைப் பறிக்கும். 1902 டிசம்பரில் மலைத்தொடரை வரைந்ததால் பனிக்குருடு வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டே பனிச்சறுக்கு வண்டியை இழுத்தார்.

ஊர் திரும்பியதும் ஸ்காட்லாந்தின் புதர்வெளிகளில் கிரவுஸ் பறவைகள் மடிவதற்கான காரணத்தை ஆராயும் பணி கிடைத்தது. ஏறத்தாழ 2,000 பறவைகளை அறுத்துப் பார்த்தார். குடலில் வாழும் நூல்புழுவே நோய்க்குக் காரணம் எனத் தெரிந்தது. 1911-இல் வெளியான அந்த ஆய்வு நூலுக்குப் படங்களையும் அவரே வரைந்தார். தசையும் எலும்பும் இறகுக்கடியில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைக் கத்தியால் அறிந்தவரின் படங்கள் அவை.

அதற்குள் ஸ்காட்டுடன் மீண்டும் அண்டார்டிகா சென்றிருந்த வில்சன், அதே ஆண்டின் நடுக்குளிரில், எம்பரர் பென்குயின் முட்டைகளுக்காக இரு தோழர்களுடன் அங்குள்ள கேப் குரோசியருக்கு நடந்தார். வழியில் வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மூன்று முட்டைகளோடு உயிருடன் திரும்பினார்கள்.

1912 ஜனவரியில் ஸ்காட்டுடன் தென்துருவத்தை அடைந்தபோது, நார்வேக்காரர் ஆமுண்ட்சன் முந்தியிருந்தார். அந்த ஏமாற்றத்திலும் வில்சன் ஆமுண்ட்சனின் கூடாரத்தைப் பென்சிலால் பதிவுசெய்தார். திரும்பும் வழியில் பசியும் குளிரும் அவரையும் தோழர்களையும் கொன்றன. எனினும் அவர்கள் இழுத்துவந்த வண்டியில் ஏறத்தாழ 16 கிலோ பாறைகள் இருந்தன. அவற்றில் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் காணப்படும் குளோசாப்டெரிஸ் தாவரத்தின் புதைபடிவங்களும் உண்டு. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு அவை சான்றாயின. அவர் வரைந்த படங்களைக் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிலையமும், செல்ட்னமில் அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகமும் பாதுகாத்து வருகின்றன.