சரிவு முற்றத்துக்குப் பொடுதலை

வீட்டு முற்றம் சரிவாக அமைந்துவிட்டால் அங்கே கொரியன் புல்லைப் பதிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வாலாஜாபேட்டை வட்டாரத்துக்கு அது பொருந்தாத தேர்வாகும். சரிவில் ஊற்றும் நீர் மண்ணுக்குள் இறங்குமுன் கீழே வழிந்துவிடுவதால், மேற்பகுதிப் புல் காய்ந்து சொட்டையாகிறது. அடுத்த பெருமழையில் அந்தச் சொட்டையிலிருந்தே மண் கரையத் தொடங்குகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாற்றுப் படுகையின் நீர் கெட்டது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த பகுதியில், கிடைக்கும் நல்ல நீரைப் புல்லுக்கு இறைப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

இதற்கு மாற்று, நிலப்போர்வைத் தாவரம், அதாவது தரையை ஒட்டிப் படர்ந்து, வெயிலும் மழைத்துளியும் மண்ணை நேரே தாக்காமல் மூடிக் காக்கும் செடி. அத்தகைய செடி ஒன்று தமிழகத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாகவே வளர்கிறது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிக்கப்படும் பொடுதலைதான் அது. விளிம்பின் மேற்பகுதியில் பல் போன்ற வெட்டுகள் கொண்ட சிறிய இலைகள், நீண்ட காம்பின் நுனியில் கருஞ்சிவப்புக் கொண்டையைச் சுற்றி வளையமாகப் பூக்கும் வெள்ளைப் பூக்கள் ஆகியவற்றைக் கொண்டு அதை எளிதில் அடையாளம் காணலாம். தரையில் ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பற்றிக்கொள்வதே சரிவுக்கு அது ஏற்றதாவதன் காரணம். ஜப்பானில் இச்செடியிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட குராப்பியா என்னும் வகை, நீர்த்தட்டுப்பாடு மிக்க கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விற்கப்படுகிறது. பொடுதலைக்கு நெருங்கிய உறவான ஃபைலா கனெசென்ஸ் என்னும் செடி ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் வெள்ளச் சமவெளிகளில் களையாகப் பெருகித் தொல்லை தருகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே விளைநிலத்தை ஒட்டிய முற்றமானால் பொடுதலையையும் எல்லையில் வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டும்.

சரிவு செங்குத்தாக இருந்தால் பொடுதலை மட்டும் போதாது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை உழவர்கள் தலைமுறைகளாக வயல் எல்லைகளில் நட்டுவரும் வெட்டிவேரை, சமமட்டக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில், அரையடிக்கும் குறைவான இடைவெளியில் வேலிபோல் நட வேண்டும். கொத்தனார் தரைமட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டே இக்கோட்டைக் குறித்துவிடலாம். வெட்டிவேரின் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டர் வரை நேர்கீழாக இறங்குபவை. தூர்கள் ஓடும் நீரின் வேகத்தைத் தணித்து மண்ணைத் தேக்கிக்கொள்கின்றன.

பழைய புல்லை ஒரே நாளில் முழுவதும் சுரண்டி எடுத்தால் மண் திறந்துகிடக்கும் என்பதால், ஆடியில் தொடங்கி மேலிருந்து கீழாகப் பட்டைபட்டையாக அகற்றி, அந்தந்தப் பட்டையில் உடனே பொடுதலைத் தண்டுத் துண்டுகளை இரு கணுக்கள் புதையுமாறு ஓரடி இடைவெளியில் ஊன்றினால், ஐப்பசி மழைக்குள் அவை வேர்பிடித்துவிடும். செடி மூடும்வரை இடைவெளிகளில் தென்னை நார் வலையோ சருகோ பரப்பலாம். கோரைக்கிழங்கை மட்டும் முன்னதாகவே தோண்டி எடுத்துவிட வேண்டும். அதில் காட்டும் சோம்பலே பெரும்பாலும் முயற்சியைக் கெடுக்கிறது.

நாற்றுப் பண்ணைகளில் நிலப்போர்வைக்கென, விரைவில் படரும் என்று சொல்லித் தரப்படும் மஞ்சள் பூச்செடியான வெடீலியா, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மருந்துக்கு உதவும் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் போலவே தோன்றினாலும், வெடீலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். இலையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதை வாங்காமல் தவிர்த்துவிடுங்கள்.